பார்க்க வருகிறவர்களும் பார்த்துக்கொள்கிறவர்களும்

தமிழ்நாட்டின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் முதல்வர்களுக்கும், மாவட்டத் தலைமை மருத்துவமனைகளின் கண்காணிப்பாளர்களுக்கும், செவிலியர் பயிற்சிப் பள்ளி முதல்வர்களுக்கும் ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மா,

வணக்கம். ஓ.பி. சீட்டு வாங்கும் இடத்திலிருந்து வார்டு வாசல் வரை அன்பு, கருணை, புன்னகை என்று பலகைகள் தொங்குகின்றன. ஆண்டுதோறும் மே 12 அன்று மெழுகுவத்தி ஏந்தி உறுதிமொழி எடுக்கிறோம். அன்றைய பேச்சாளர்கள் எல்லாருமே கருணையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அன்று இரவே ஏதோ ஒரு வார்டில், புற்றுநோய் எலும்புக்குப் பரவிய ஒருவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். படுத்தால் வலிக்கும். கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் பீரோவில் இருக்கும், பீரோவின் சாவி பகல் பணி முடித்துப் போனவரின் வீட்டில் இருக்கும். பலகைக்கும் சாவிக்கும் நடுவே உள்ள தூரத்தைப் பற்றித்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் சொல்லைப் பார்த்துவிடுவோம். கருணை என்ற சொல்லை அரசாங்கமே தேய்த்துவிட்டது. கருணை மதிப்பெண், கருணை மனு, கருணைத் தொகை, கருணை அடிப்படையில் வேலை: நான்கும் மேலிருந்து கீழே விழுகிறவை, வாங்குகிறவர் கைகட்டி நிற்க வேண்டியவை. 'பரிவுடன் பரிசீலிக்குமாறு' என்பது மனுவின் கடைசி வரியாகிவிட்டது. அனுதாபம், கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸுக்குப் போய்விட்டது. 'ஐயோ பாவம்' என்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். செய்த குற்றத்துக்கும் பட்ட துன்பத்துக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம், நோயாளியின் காதில் அது எந்தப் பொருளில் விழுகிறது என்று யாரும் கேட்டதில்லை.

ஆனால் வார்டு வராந்தாவில் பேசுகிற தமிழில் நமக்கு வேண்டிய வேறுபாடு சுத்தமாக இருக்கிறது. 'அம்மாவைப் பாக்க வந்திருக்காங்க' என்போம். 'அம்மாவை யார் பாத்துக்கிறா?' என்று கேட்போம். நடுவில் இருப்பது 'கொள்' என்ற ஒரு துணைவினைதான். பார்க்க வருகிறவர் ஆப்பிளோ ஆரஞ்சோ வாங்கி வருவார். பத்து நிமிடம் நிற்பார். 'இப்படி இளைச்சுப் போயிட்டீங்களே' என்று சொல்லும்போது அவர் கண் உண்மையாகவே கலங்கும். அதில் பொய் இல்லை. அவரைத் தேற்றி அனுப்பிவிட்டு நோயாளி களைத்துப்போய்க் கண்ணை மூடுவார். பார்த்துக்கொள்கிறவர் அழாமலே கூட இருக்கலாம், எரிந்து விழுகிறவராகவும் இருக்கலாம். ஆனால் கடைசியாக மலம் கழித்து எத்தனை நாளாயிற்று, எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் மூச்சு இலேசாகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். முதலாவதை இந்த மடலில் அனுதாபம் என்றும் இரண்டாவதைப் பரிவு என்றும் சொல்கிறோம்.

அனுதாபம் படுகிறவரின் நெஞ்சுக்குள்ளேயே அது தொடங்கி முடிந்துவிடுகிறது. பரிவுக்கு ஒரு நேரம் உண்டு, ஒரு அளவு உண்டு, திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டிய கட்டாயமும் உண்டு. அதனால்தான் அதைக் கற்பிக்க முடியும், பணி அட்டவணையில் போட முடியும், நடக்காதபோது ஏன் நடக்கவில்லை என்று கேட்கவும் முடியும். அனுதாபத்தை அப்படிக் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. வலியில் இருந்து தொடங்கினால் இது தெளிவாகும்.

'உங்க வலிக்குப் பூஜ்யத்துல இருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க' என்று கேட்கக் கற்றுக்கொடுக்கிறோம். எழுபது வயது ஆச்சி அதற்கு 'ரொம்ப இருக்கு சாமி' என்பார். எண்ணை நாமே ஐந்து என்று எழுதிக்கொள்வோம். 'தாங்கவே முடியாத வலி ஒரு ரூபான்னா, இப்ப எவ்வளவு இருக்கு?' என்று கேட்டுப் பாருங்கள். 'முக்கா ரூவா' என்றோ 'எட்டணா' என்றோ பட்டென்று பதில் வரும். கேட்டதோடு முடியவில்லை. மருந்து கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து அதே கேள்வியை மறுபடி கேட்க வேண்டும், ஏனென்றால் வாய்வழி கொடுத்த சாதாரண மார்ஃபின் ஏறத்தாழ அந்த நேரத்தில்தான் உச்சத்துக்கு வரும். முதல் எண் பல கேஸ் ஷீட்டுகளில் இருக்கிறது. இரண்டாவது எண் இருப்பது அரிது.

எண்ணைவிட முக்கியம், வலிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர். குத்துது, கடுக்குது, குடையுது, எரியுது, பிசையுது, சுண்டி இழுக்குது, விண்விண்ணுனு தெறிக்குது, மதமதன்னு இருக்கு, ஷாக் அடிக்கிற மாதிரி இருக்கு. இவை ஒவ்வொன்றும் ஒரு மருந்தை நோக்கிக் கை காட்டுகின்றன. எரிச்சலும் ஷாக்கும் நரம்பு வலி. அதற்கு மார்ஃபின் மட்டும் போதாது, அமிட்ரிப்டிலின் அல்லது காபாபென்டின் சேர்க்க வேண்டியிருக்கும். அசைந்தால் குடைவது எலும்பு. வீக்கம் குறைக்கும் மருந்தும், வாய்ப்பிருந்தால் ஒரே தவணைக் கதிர்வீச்சும் பெரிய ஆறுதல் தரும். முறுக்கிப் பிசைவது குடல். வேறு மருந்து எழுதுமுன் மலச்சிக்கலா என்று பார்க்க வேண்டும். இத்தனை சொற்களும் கேஸ் ஷீட்டில் 'பெயின்' என்று எழுதி ஒரு கூட்டல் குறியாகச் சுருங்கிவிடுகின்றன. செவிலியர் பள்ளியில் ஆங்கிலத்தில் வலியின் வகைகளை மனப்பாடம் செய்யும் மாணவி, தன் பாட்டி சொல்லும் சொற்களை அந்த வகைகளோடு பொருத்திப் பார்க்க ஒரு வகுப்பு கூட இல்லை.

அடுத்து எஸ்.ஓ.எஸ். 'வலித்தால் கொடுக்கவும்' என்று எழுதுவது கேட்க இரக்கமாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் அதன் பொருள்: வலி முற்ற வேண்டும், நோயாளி கூச்சம் விட்டுக் கேட்க வேண்டும், கூட இருக்கிறவர் எழுந்து போய் நர்ஸைத் தேட வேண்டும், நர்ஸ் வேறு கட்டிலில் ஊசி போட்டு முடிக்க வேண்டும், பிறகு பீரோ திறக்க வேண்டும். மருந்து வயிற்றுக்குள் போகும்போது வலி எட்டணாவிலிருந்து ஒரு ரூபாயைத் தாண்டியிருக்கும். உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே சொன்னது இதுதான்: வாய் வழியாக, கடிகாரப்படி, படிப்படியாக. மார்ஃபினுக்குக் கடிகாரம் என்றால் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. காலை 6, 10, பிற்பகல் 2, மாலை 6, இரவு 10. இரவு 10 மணிக்கு இரட்டை அளவு, அதனால் இரண்டு மணிக்கு எழுப்ப வேண்டியதில்லை. தொடக்க அளவு பொதுவாக 5 மில்லிகிராம். மெலிந்தவர்களுக்கும் முதியவர்களுக்கும் 2.5. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவையும் குறைத்து இடைவெளியையும் கூட்ட வேண்டும். நடுவில் வலி முறித்துக்கொண்டு வந்தால் அதே அளவு ஒன்று கூடுதலாக, அடுத்த வேளையைத் தள்ளிப்போடாமல். எஸ்.ஓ.எஸ்.-க்கு இடம் இங்கே மட்டும்தான்.

மார்ஃபின் எழுதும் அதே பேனாவால் மலமிளக்கியையும் எழுத வேண்டும். இரவில் பைசகோடில் 10 மில்லிகிராம், முதல் நாளிலிருந்து. குமட்டலும் தூக்கக் கலக்கமும் சில நாட்களில் பழகிப்போகும், மலச்சிக்கல் பழகவே பழகாது. இதை விட்டால் என்ன ஆகும் என்பது எங்களுக்கு வாராவாரம் தெரிகிறது. ஐந்தாம் நாள் வயிறு கல்லாகிவிடும். 'இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கல' என்று நோயாளியே நிறுத்திவிடுவார். வலி திரும்பும். 'மார்ஃபினுக்கும் கேட்கவில்லை' என்று கேஸ் ஷீட்டில் ஏறும். மருந்தின் மேல் பழி விழுவதற்குக் காரணம் எழுதாமல் விட்ட ஒரு மலமிளக்கி மாத்திரை.

'பாவம், மார்ஃபின் கொடுத்தா அடிமையாயிடுவார்' என்று தயங்கும் மருத்துவர் கொடுமைக்காரர் இல்லை. அவரிடம் அனுதாபம் நிறையவே இருக்கிறது, மருந்தைப் பற்றிய பயிற்சிதான் இல்லை. முறையாக அளவு பார்த்து ஏற்றினால், மூச்சு குறைவதற்கு முன்பே தூக்கம் அதிகமாகும். அந்த எச்சரிக்கை மணியைக் கவனிக்கத் தெரிந்த செவிலியர் இருந்தால் போதும். சட்டமும் இப்போது பெரிய தடை இல்லை. 1985-இன் போதைப்பொருள் சட்டத்தில் 2014-இல் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு, பல உரிமங்களுக்குப் பல அலுவலகங்கள் ஏறி இறங்க வேண்டியதில்லை. அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனம் என்ற ஒரே ஏற்பு, வலி சிகிச்சையில் பயிற்சி பெற்ற மருத்துவர், ஒழுங்கான பதிவேடு, இவை வேண்டும். அப்படியிருந்தும் எங்கே சிக்குகிறது? பயிற்சி பெற்ற ஒரே மருத்துவர் இடமாற்றலில் போகிறார். இருப்பு முழுதும் தீர்ந்தபின் இண்டென்ட், அதாவது மருந்து கேட்புச் சீட்டு, எழுதப்படுகிறது. கணக்கு எளிதுதான். ஒரு வேளைக்கு 10 மில்லிகிராம் என்றால் ஒருவருக்கு நாளைக்கு 10 மில்லிகிராம் மாத்திரை 6, மாதத்துக்கு 180. பத்து நோயாளிகளுக்கு 1800. கூடுதல் வேளைகளுக்குக் கொஞ்சம் சேர்த்து, இரண்டு மாத இருப்பை வைத்துக்கொண்டு, பாதி தீரும்போதே எழுதிவிட்டால் இரவில் யாரும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. அப்புறம் அந்தச் சாவி. இரண்டு பூட்டு இருக்கட்டும், பதிவேட்டில் இரண்டு கையெழுத்து இருக்கட்டும், ஆனால் இரண்டு சாவியும் அந்தந்த ஷிஃப்டில் இருப்பவர்களிடம் கைமாறட்டும்.

வலியை அடுத்து நாற்றம். இதைப் பற்றி எந்தப் பலகையும் பேசுவதில்லை.

வாய்ப் புற்று கன்னத்தைத் துளைத்து வெளியே வந்தவர்கள், மார்புப் புற்று புண்ணாகிப் பூத்தவர்கள் வார்டின் கடைசிக் கட்டிலில் இருப்பார்கள். பக்கத்துக் கட்டில் தானாகக் காலியாகும். பார்க்க வருகிறவர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்று அழுவார். நோயாளி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பார். இந்த நாற்றத்தை உண்டாக்குபவை காற்றில்லாத இடத்தில் வளரும் பாக்டீரியாக்கள், அவற்றுக்கு மருந்து மெட்ரோனிடசோல். உங்கள் மருந்தகத்தில் வயிற்றுப்போக்குக்கு என்று அடுக்கி வைத்திருக்கும் அதே மாத்திரைதான். நன்றாகப் பொடித்து, கழுவிய புண்ணின் மேல் தூவிக் கட்ட வேண்டும். கழுவ, கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி உப்பு. ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் வேண்டாம், எரியும், புதிதாக வரும் தசையையும் கெடுக்கும். ஒட்டிக்கொண்ட துணியைப் பிடுங்கக் கூடாது, உப்புத் தண்ணீரில் ஊறவிட்டு எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இரத்தம் கசியும். கட்டு மாற்றுவதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால் மார்ஃபின் வேளை முடிந்திருக்க வேண்டும். கட்டு மாற்றும் பட்டியலும் மருந்து கொடுக்கும் பட்டியலும் வெவ்வேறு நோட்டில் இருப்பதால் இது பெரும்பாலும் தவறுகிறது. இரண்டையும் ஒரே தாளில் எழுதினால் சரியாகிவிடும்.

சில நாட்களில் நாற்றம் அடங்கும். புண் ஆறாது, அதை வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஆனால் வாசலில் நின்றவர்கள் கட்டில் ஓரத்தில் வந்து உட்காருவார்கள். பத்து மாத்திரையைப் பொடித்தவருக்கு நன்றி சொல்ல யாருக்கும் தோன்றாது, அதனால் ஒன்றும் இல்லை.

படுக்கைப் புண்ணைப் பற்றிச் செவிலியர் பள்ளி முதல்வர்களிடம் ஒரே ஒரு விண்ணப்பம். முதுகில் ஸ்பிரிட் தடவிப் பவுடர் போட்டு அழுத்தித் தேய்க்கும் பாடத்தை விட்டுவிடுங்கள். எலும்பு மேட்டின் மேல் சிவந்துபோன தோலுக்கு அடியில் ஏற்கெனவே திசு நொந்திருக்கிறது. தேய்த்தால் உள்ளே கிழியும், ஸ்பிரிட் தோலை உலர்த்தி வெடிக்க வைக்கும், வியர்வையில் பவுடர் கட்டிதட்டும். காற்றடைத்த வளையமும் அப்படித்தான், சுற்றிலும் அழுத்தி நடுவுக்கு வரும் இரத்தத்தை நிறுத்தும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்புவது, முழுப் பக்கவாட்டில் படுக்க வைக்காமல் தலையணை வைத்து 30 டிகிரி சாய்வில் நிறுத்துவது, குதிகால் படுக்கையைத் தொடாமல் கெண்டைக்காலுக்குக் கீழே மடித்த போர்வை. இதற்குக் கருணை பொங்கும் நெஞ்சு தேவையில்லை, கட்டில் தலைமாட்டில் மணி போட்ட ஒரு தாள் தேவை.

அனுதாபம் தீங்கு செய்யும் இடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கடைசி நாட்கள். நோயாளி சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். 'ஒரு குளுக்கோஸ் பாட்டிலாவது போடுங்க சார், பட்டினி போட்டுட்டோம்னு ஊர் பேசும்' என்று மகன் கெஞ்சுகிறார். மனம் கேட்காமல் டாக்டர் போடச் சொல்கிறார். ஐந்து விழுக்காடு குளுக்கோஸ் அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, சுமார் 100 கலோரி, இரண்டு இட்லி. அந்த நிலையில் உடல் அந்தத் தண்ணீரைப் பயன்படுத்தாது. காலில் வீங்கும், நுரையீரலில் கோத்து மூச்சில் களகளவென்று சத்தம் வரும். சத்தம் கேட்டு உறவினர்கள் பதறுவார்கள், உறிஞ்சு குழாய் போடுவோம், நோயாளி துடிப்பார். ஒரு பாட்டில் இரக்கம் இத்தனையையும் இழுத்து வருகிறது. முடியாது என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டுப் போவதும் பரிவு ஆகாது. மகன் கேட்பது குளுக்கோஸ் என்றாலும் அவருக்கு வேண்டியிருப்பது, அப்பாவுக்கு ஏதாவது செய்தோம் என்ற நிறைவு. அவருக்கு வேலை கொடுங்கள். சுத்தமான மெல்லிய துணியை விரலில் சுற்றி, தண்ணீரில் நனைத்து, மணிக்கு ஒருமுறை வாயைத் துடைக்கச் சொல்லுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவும் கலந்த நீர், நாக்கில் படிந்த பிசுக்கைக் கரைக்கும். உதட்டுக்குத் தேங்காய் எண்ணெய். 'அப்பா பசியால சாகல, உடம்பு அடங்குறதால பசி நின்னுபோச்சு' என்று உட்கார்ந்து சொல்லுங்கள். ஊர் கேட்டால் சொல்ல அவருக்கும் ஒரு பதில் வேண்டும் அல்லவா?

உட்கார்ந்து என்றோம். கெட்ட செய்தி சொல்வதற்கு வால்டர் பெய்லும் அவரது குழுவினரும் 2000-ஆம் ஆண்டு வகுத்த ஸ்பைக்ஸ் என்ற ஆறு படி முறையை மருத்துவ மாணவர்கள் தேர்வுக்குப் படிக்கிறார்கள். அதன் முதல் படியே இடமும் இருக்கையும்தான். ரவுண்ட்ஸில் பன்னிரண்டு பேர் சூழ நின்று, 'இதுக்கு மேல ஒண்ணும் செய்றதுக்கில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க' என்று சொல்வதை அந்த முறையில் எந்தப் படியிலும் பொருத்த முடியாது. சொல்லத் தொடங்குமுன் கேட்க வேண்டும்: 'உங்களுக்கு என்னன்னு டாக்டருங்க சொல்லியிருக்காங்க?' பிறகு: 'எல்லா விவரமும் தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறீங்களா, இல்ல வீட்ல யார்கிட்டயாவது பேசட்டுமா?' இந்த இரண்டாவது கேள்வி நம் ஊருக்கு மிகவும் தேவை. ஏனென்றால் வெளியே மகள், 'அப்பாகிட்ட சொல்லிடாதீங்க, தாங்க மாட்டார்' என்று கையைப் பிடித்துக்கொண்டிருப்பார். அவரிடம் சட்டம் பேச வேண்டாம். 'அப்பா உங்ககிட்ட எதையாவது கேட்டாரா?' என்று கேளுங்கள். பெரும்பாலும் கேட்டிருப்பார். அவருக்குத் தெரியும் என்பது இவருக்கும் தெரியும். இருவரும் ஒருவருக்காக ஒருவர் நடித்துக்கொண்டிருப்பார்கள்.

செய்தியைச் சொன்னதும் ஒரு மௌனம் வரும். அதை நிரப்பத்தான் 'கவலைப்படாதீங்க', 'தைரியமா இருங்க', 'கடவுள் இருக்கார்' எல்லாம் நம் வாயில் தயாராக இருக்கின்றன. அவை நம் சங்கடத்துக்கு நாம் போட்டுக்கொள்ளும் மருந்து. மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். ஏழு வருவதற்குள் நோயாளியே பேசத் தொடங்குவார், அவர் கேட்பது நாம் நினைத்துப் பயந்த கேள்வியாகவும் இருக்காது. 'ஊருக்கு எப்ப போலாம்?' 'வலிக்காம இருக்குமா?' 'பொண்ணு கல்யாணம் தை மாசம், அதுவரைக்கும்?' ஒவ்வொன்றுக்கும் செய்யக்கூடிய ஏதோ ஒன்று உண்டு. உட்கார்ந்து பேசும் மருத்துவர் அதிக நேரம் தன்னோடு இருந்ததாக நோயாளிகள் உணர்கிறார்கள் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, கடிகாரப்படி அந்த நேரம் கூடாமல் இருந்தாலும் கூட. நாங்கள் கேட்பது ஒரு வார்டுக்கு நான்கு பிளாஸ்டிக் ஸ்டூல். பார்வையாளர்கள் உட்கார்ந்துவிடுவார்கள் என்று ஸ்டூல்களை அறையில் வைத்துப் பூட்டும் வழக்கமும் இருக்கிறது. அந்தப் பூட்டும் திறக்கப்பட வேண்டும்.

இனி நேரம். உங்கள் கையில் இருப்பதும் எங்கள் கையில் இல்லாததும் இதுதான். 1973-இல் ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இரு உளவியலாளர்கள் பிரின்ஸ்டனில் பாதிரியார் படிப்பு மாணவர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய் உரையாற்ற வேண்டும். சிலருக்குக் கொடுத்த தலைப்பு, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியனின் கதை. போகும் வழியில் ஒருவர் சுருண்டு கிடந்து இருமி முனகுவார். நேரம் இருந்தவர்களில் 63 விழுக்காட்டினர் நின்று உதவினார்கள். ஓரளவு அவசரத்தில் 45. 'தாமதமாகிவிட்டது, ஓடு' என்று விரட்டப்பட்டவர்களில் 10. கருணையைப் பற்றிப் பேசப் போகிறோம் என்பது பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை, கடிகாரம்தான் உண்டாக்கியது. எங்கள் கணக்கையும் போட்டுப் பாருங்கள். நாற்பது படுக்கைக்கு இரவில் ஒரு செவிலியர், 12 மணி நேரப் பணி என்றால் ஒருவருக்கு 18 நிமிடம். ஊசி, டிரிப், புது அட்மிஷன், நோட்டு எழுதுவது எல்லாம் அதற்குள்தான். மிச்சம் இருக்கும் நிமிடங்களில் கருணை இல்லை என்று குறைப்படுவதைவிட, அந்தப் பதினெட்டை இருபத்தைந்தாக்கும் வழியைத் தேடலாம்: வார்டில் கணினிப் பதிவை வேறொருவர் பார்ப்பது, மருந்து இண்டென்டை மருந்தாளுநரே வந்து எடுப்பது, கடைசிக் கட்டத்தில் இருப்பவர்களின் கட்டில்களைச் செவிலியர் மேசைக்கு அருகில் கொண்டுவருவது. கடைசியாகச் சொன்னதற்கு ஆணையும் வேண்டாம், பணமும் வேண்டாம், இரண்டு பணியாளர்களும் அரை மணி நேரமும் போதும்.

பசியைக் கண்டு உருகியவர்கள் இந்த மண்ணில் எத்தனையோ பேர். 1867 மே 23 அன்று வள்ளலார் வடலூரில் தொடங்கிய தருமச்சாலையின் அடுப்பு இன்றும் எரிகிறது. விறகு யார் வைப்பது, அரிசி எங்கிருந்து வருவது என்பதை யாரோ ஒருவர் அன்றாடம் முடிவு செய்துகொண்டே இருப்பதால் அது எரிகிறது. நாங்கள் கேட்பதும் அந்த மாதிரியான ஏற்பாட்டைத்தான்.

பயிற்சி வகுப்பு எடுக்க வருகிறவர்களிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். 'ஒவ்வொரு நோயாளியையும் உங்க சொந்த அம்மாவா நினைச்சுக்கோங்க' என்ற அறிவுரை கெட்ட அறிவுரை. ஒரு நாளில் நாற்பது தாய்களை யாராலும் சாகக் கொடுக்க முடியாது. அதைவிட, குடித்துக் குடித்து ஈரல் கெட்டவர், கைவிலங்கோடு வந்த கைதி, எச்.ஐ.வி. உள்ளவர், வாயைத் திறந்தாலே ஏசுகிறவர், இவர்களெல்லாம் யாருடைய அம்மா சாயலிலும் இருப்பதில்லை. சாயல் பார்த்துத்தான் பரிவு வரும் என்றால் அவர்களுக்கு வலி மருந்து கிடைக்காது. பிடிக்காதவருக்கும் ஆறு மணி வேளை ஆறு மணிக்கே போக வேண்டும். நரம்பியல் ஆய்வும் இதையே வேறு வழியில் சொல்கிறது. டானியா சிங்கர், ஓல்கா கிளிமெக்கி குழுவினர், பிறர் துன்பத்தை அப்படியே உணர மட்டும் பயிற்சி பெற்றவர்களிடம் துயரமும் சோர்வும் கூடுவதைக் கண்டார்கள். அவர்களுக்கே பிறகு பரிவுப் பயிற்சி கொடுத்தபோது மனம் தெளிந்தது, மூளையில் இயங்கிய பகுதிகளும் வேறாயின. 'பழகிப்போச்சு, நெஞ்சு மரத்துப்போச்சு' என்று ஒரு செவிலியர் சொன்னால், அவர் அதிகம் இரக்கப்பட்டும் எதையும் செய்ய முடியாமல் நின்றிருக்கிறார் என்று பொருள். சாவி இல்லாத இரவுகள் அவருக்கு நிறைய வந்திருக்கும். இறப்பு நடந்த ஷிஃப்டின் முடிவில் பத்து நிமிடம், என்ன நடந்தது, எது தவறியது என்று குற்றம் சாட்டாமல் பேச அனுமதித்தால் அது யோகா வகுப்பைவிட உதவும்.

வலி மருந்தை ஏற்றிக்கொண்டே போயும் இறங்காத வலி ஒன்று உண்டு. செவிலியராக இருந்து, சமூகப் பணியாளராகி, பின்னர் மருத்துவம் படித்து, 1967-இல் லண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் அதை முழு வலி என்றார். அடகுக் கடையில் இருக்கும் நகை, பேச்சுவார்த்தை இல்லாத தம்பி, தான் செய்த எதற்குத் தண்டனை இது என்ற கேள்வி, எல்லாம் அதற்குள் உண்டு. அதற்கு மார்ஃபின் கிடையாது. ஆனால் உதவித்தொகை விண்ணப்பம் எழுதித் தரும் ஒருவரும், தம்பிக்கு ஃபோன் போட்டுத் தரும் ஒருவரும் இருக்க முடியும். தன்னார்வலர்களை வார்டுக்குள் விடுங்கள் என்று நாங்கள் கேட்பது இதற்காகத்தான், பழம் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதற்காக அல்ல.

வீட்டுக்குப் போனபின் என்ன என்பது தனி மடலுக்கு உரியது. கேரளம் 2008-இல் இதற்கென்று கொள்கை வகுத்து உள்ளாட்சிகளின் கையில் கொடுத்தது. இங்கே 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி நிவாரணமும் ஆதரவுச் சிகிச்சையும் இருக்கின்றன. அறுந்திருப்பது வார்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள கயிறு. டிஸ்சார்ஜ் சீட்டில் நோயின் பெயர் ஆறு வரியில் இருக்கும், இரவு இரண்டு மணிக்கு மூச்சுத் திணறினால் எந்த எண்ணுக்குக் கூப்பிடுவது என்பது இருக்காது. அந்த ஒரு எண்ணும், குறைந்தது ஏழு நாள் மருந்தும், அந்த வட்டாரச் செவிலியருக்கு ஒரு தகவலும் போதும். மூச்சுத் திணறலுக்கு முகத்துக்கு நேரே ஒரு சிறு மின்விசிறி, முன்னால் சாய்ந்துகொள்ள மேசை மேல் தலையணை, இவை உதவும் என்பதையும் அந்தச் சீட்டிலேயே தமிழில் எழுதித் தரலாம்.

இதையெல்லாம் எப்படிக் கண்காணிப்பது என்பீர்கள். மாதாந்தரக் கூட்டத்தில் கருணை பற்றிக் கருத்துக் கேட்பதற்குப் பதில், இருபது கேஸ் ஷீட்டை எடுத்து நான்கு கேள்வி மட்டும் பாருங்கள். வலி எண் இரண்டு முறை எழுதியிருக்கிறதா? முக்கால் ரூபாய்க்கு மேல் என்று எழுதிய நேரத்துக்கும் முதல் மருந்து கொடுத்த நேரத்துக்கும் இடைவெளி எவ்வளவு? மார்ஃபினுக்குக் கீழே மலமிளக்கி இருக்கிறதா? டிஸ்சார்ஜ் சீட்டில் ஃபோன் எண் இருக்கிறதா? முதல் மாதம் விடைகள் மோசமாக இருக்கும். யாரையும் தண்டிக்காமல் அடுத்த மாதமும் பாருங்கள். தண்டனை வரும் என்றால், கொடுக்காத மருந்தையும் கொடுத்ததாக எழுதிவிடுவார்கள், அப்புறம் உண்மை யாருக்கும் தெரியாது.

நேரம் கிடைத்தால் ஒரு நாள் இரவு பத்து மணிக்கு, முன்னறிவிப்பு இல்லாமல், ஏதாவது ஒரு வார்டுக்குப் போய் மார்ஃபின் பீரோவின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். பதில் வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பத்து மணி என்பது இரட்டை வேளை.

இப்படிக்கு,
வலி நிவாரணம் மற்றும் ஆதரவுச் சிகிச்சைப் பணியில் இருக்கும் செவிலியர்களும் தன்னார்வலர்களும்